டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்னால்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். கானாடுகாத்தான் வீட்டில் உங்கள் ஐயா ஓட்டிய 1966 மாடல் அம்பாசடர் மார்க் டூ, பின்தெரு ஷெட்டில் ஆறு வருடமாக நின்றது. தை மாதம் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளையை அந்த வண்டியில்தான் அழைத்து வர வேண்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டார்கள். ஒரு மெக்கானிக் வந்து பாட்டரி மாற்றி, புது பாயிண்ட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) போட்டு, என்ஜினை ஓடவிட்டு, காதுக்கு எங்கே நன்றாகக் கேட்டதோ அங்கே டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் பாகத்தை, திருப்பி முடுக்கிவிட்டுப் போய்விட்டார். நின்ற இடத்தில் அருமையாக ஓடுகிறது. ஆனால் முன்னால் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றினால் திருப்பி உதைக்கிறது, டாப் கியரில் அழுத்தி மிதித்தால் கிணுகிணுவென்று சத்தம், திருமயம் போய்த் திரும்புவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கிறது, சில நேரம் கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது. டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி.

எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த புத்தகம் வீட்டில் எங்காவது இருந்தால் அதில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த 1489 சி.சி. என்ஜினுக்கு டாப் டெட் சென்டருக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, 5 டிகிரி முன்னால் வைத்துத் தொடங்குங்கள், நானும் அங்கேதான் தொடங்குவேன். ஆனால் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனால் வேலை நடக்காது. எதிலிருந்து 5 டிகிரி என்பது தெரிய வேண்டும், பாயிண்ட் இடைவெளி சரியாக இருக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற எடைகள் அசைய வேண்டும். ஆறு வருடம் நின்ற வண்டியில் இந்த மூன்றில் ஒன்றாவது கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பானட்டைத் திறப்பேன்.

உங்கள் மெக்கானிக் செய்தது ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள், கேட்பதற்கும் அது சரி போலவே இருக்கும். பிளக்கில் பொறி விழுந்தவுடன் உள்ளே இருக்கிற பெட்ரோல், காற்றுக் கலவை அதே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கிலிருந்து தொடங்கி நெருப்பு பரவிப் போக ஏறக்குறைய இரண்டு மூன்று மில்லி செகண்ட் ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு 15 டிகிரி இறங்கியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை அது நன்றாகத் தள்ளும். அதனால் பொறியை முன்கூட்டியே விட்டாக வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 6 டிகிரி நகரும், 3000 சுற்றில் அதே நேரத்துக்குள் 18 டிகிரி ஓடிவிடும். இந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகம் ஏற ஏற எடைகள் வெளியே விரிந்து, பாயிண்ட்டைத் திறக்கும் கேமை முன்னால் திருப்பி, நாம் வைத்த 5 டிகிரிக்கு மேல் இன்னும் 20, 30 டிகிரி வரை தாமே சேர்த்துக்கொள்ளும்.

இப்போது ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, என்ன நடக்கிறது என்று பாருங்கள். திராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் போகிற கலவை குறைவு, பழைய புகையும் கொஞ்சம் அதில் கலந்துகிடக்கும், எரிவது மெதுவாகத்தான் எரியும். ஆகவே அந்த நேரத்தில் டைமிங்கை அட்வான்ஸ் பக்கம், அதாவது பொறி முன்னதாக விழும் பக்கம், திருப்பத் திருப்ப என்ஜின் வேகம் ஏறும், சத்தம் வழவழப்பாகும். காதை நம்பிப் போனால் 5 டிகிரியைத் தாண்டி 15க்கும் போய்விடுவோம். ரோட்டில் இறங்கி மிதித்ததும் எடைகள் தம் பங்கைச் சேர்க்கும், மொத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள்ளேயே அழுத்தம் ஏறிவிட, மூலையில் மிச்சமிருக்கிற கலவை நெருப்பு வந்து சேரும் முன் தானாகவே பற்றி வெடிக்கிறது. உங்களுக்குக் கேட்கிற கிணுகிணு சத்தம் அதுதான். ஹாண்டில் உதைப்பதும், ரேடியேட்டர் கொதிப்பதும் அதே கணக்கில் வருபவை. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும், இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் சரிசெய்யும் வரை டாப் கியரில் அழுத்தாதீர்கள், ஹாண்டிலும் போடாதீர்கள்.

ஹாண்டில் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேவகோட்டையில் நான் வேலை பழகிய நாட்களில் இதே போல அட்வான்ஸ் ஆகியிருந்த ஒரு வண்டிக்கு ஹாண்டில் போட்டு வலது கட்டைவிரல் பிசகி, ஒன்றரை மாதம் ஸ்பேனர் பிடிக்க முடியாமல் இருந்தேன். கட்டைவிரலை ஹாண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுக்கத்தான் வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கவே கூடாது. வீட்டில் இளசுகள் ஆசைப்பட்டு ஹாண்டில் போட வருவார்கள், அவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றுங்கள். உள்ளே நடுவில் சுற்றும் ரோட்டாரை இரண்டு விரலால் பிடித்து, அது சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில், லேசாகத் திருகிவிட்டு விடுங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு டக்கென்று வர வேண்டும். வராமல் அங்கேயே நின்றாலோ, திரும்பவே மறுத்தாலோ, எடைகள் துருவிலோ காய்ந்த கிரீஸிலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். விரிந்த நிலையிலேயே ஒட்டியிருந்தால், நீங்கள் எத்தனை சரியாக 5 டிகிரி வைத்தாலும் நாளை அது விடுபடும்போது கணக்கு மாறிவிடும். பாயிண்ட் இருக்கிற தட்டைக் கழற்றி, எடைகளைப் பெட்ரோலில் கழுவி, கீல்களில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் விடுங்கள். ஸ்பிரிங் இரண்டும் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று வேறு வேறு தடிமனில் இருக்கலாம், ஒன்று கொஞ்சம் தொளதொளப்பாகவும் இருக்கலாம், அது பழுது இல்லை. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மாற்றிவிடாதீர்கள்.

ரோட்டாரை எடுத்தால் கேமின் நடுவில் ஒரு திருகு தெரியும், அதன் மேலும் ஒரு சொட்டு ஆயில், அதோடு சரி. அப்புறம் கேமைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அப்படியென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பாயிண்ட் வேறு வேறு அளவு திறக்கும், டைமிங் ஓர் இடத்தில் நிற்காது. காரைக்குடியில் லேத் பட்டறையில் கொடுத்தால் புது புஷ் கடைந்து போட்டுவிடுவார்கள், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பக்கவாட்டில் வட்டமாக ஒரு டப்பா இருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்புரேட்டருக்குப் போகும். அது வேக்குவம் அட்வான்ஸ். குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள், பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்துப் பிடித்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்திருக்கிறது. வேக்குவம் வேலை செய்யாவிட்டால் வண்டி ஓடாது என்றில்லை, பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கிழிந்த குழாயை அப்படியே விடாமல் முனையை அடைத்துவிடுங்கள். உள்ளே பாயிண்ட் தட்டை எர்த்தோடு சேர்க்கும் சின்ன வயர் ஒன்று பின்னல் போல இருக்கும், அதையும் தொட்டுப் பாருங்கள். அது அறுந்திருந்தால் ஓடும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும், நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இந்த ஒரு வயரைத் தேடி இரண்டு நாள் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பாயிண்ட். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங் போய்விடும், அதனால் வரிசை மாறக் கூடாது. பாயிண்ட் திறக்கிற அந்தக் கணத்தில்தான் மின் அழுத்தத்தைக் கூட்டும் காயிலில் மின்சாரம் அறுந்து பிளக்கில் பொறி விழுகிறது. இடைவெளி அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். குறைந்தால் தாமதமாகும். கேமின் முனை பாயிண்ட்டின் கட்டையை முழுக்கத் தள்ளியிருக்கும் நிலையில் என்ஜினை நிறுத்தி, 0.015 அங்குல ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகும்படி வையுங்கள். 0.014 முதல் 0.016 வரை, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கேஜை முதலில் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற எண்ணெய் பாயிண்ட் முகத்தில் ஒட்டிவிட்டால் கரெண்ட் போகாது, அப்புறம் காயில் கெட்டது, கண்டன்சர் கெட்டது என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்போம். புது பாயிண்ட்டிலும் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு பூசியிருப்பார்கள், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தீர்களா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழைய பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் அந்த மணல் முகத்திலேயே பதிந்து நிற்கும். தேய்த்தபின் கெட்டியான அட்டை ஒன்றைப் பாயிண்ட்டுக்கு நடுவே வைத்து உருவ வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அளவெடுத்தது போல இருக்கும், உங்கள் வீட்டில் இப்போது அதற்குப் பஞ்சம் இருக்காது. கேமில் ஒரு துளி கிரீஸ் தடவுங்கள், நிறைய வேண்டாம், சுற்றும்போது தெறித்துப் பாயிண்ட்டில் விழும்.

பாயிண்ட்டை முடுக்கும் திருகை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை கேஜ் விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது அதன் குணம்.

அடுத்தது டாப் டெட் சென்டர். பட்டறையில் டி.டி.சி. என்பார்கள். முதல் சிலிண்டர் என்பது ரேடியேட்டர் பக்கம் இருப்பது. நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், என்ஜின் கையால் சுலபமாகச் சுற்றும், உதைக்கவும் உதைக்காது. கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொருவரை ஹாண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வருகிறது. இது முக்கியம், ஏனென்றால் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு தரம் மேலே வரும், அதில் ஒன்று வெறும் புகையைத் தள்ள வருவது. அந்தச் சுற்றில் வைத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், டைமிங் கவரின் அடியில் பல் போல முள்கள் இருக்கும். நீளமான முள் டி.டி.சி., மற்றவை ஒவ்வொன்றும் 5 டிகிரி முன்னால். கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும், அறுபது வருட அழுக்கும் ஆயிலும் மூடியிருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். வெட்டில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவுங்கள், ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதே போதும், கறுப்பில் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

அந்தக் குறியை மட்டும் நம்பலாமா என்றால், உங்கள் வண்டியில் நான் நம்ப மாட்டேன். இந்த வயது என்ஜினில் புல்லியும் டைமிங் கவரும் எத்தனை கை மாறியதோ. வேறு வண்டிப் புல்லி மாட்டியிருந்தால் குறி பொய் சொல்லும், நீங்கள் 5 டிகிரி என்று நினைத்து வைப்பது நிஜத்தில் 12 ஆக இருக்கும். சரிபார்க்க ஒரு பழைய வழி உண்டு. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றை வெல்டிங் வைத்து முதல் சிலிண்டரில் மாட்டுங்கள். பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே போல்ட்டில் இடித்து நிற்க வேண்டும், அவ்வளவு நீளம். ஹாண்டிலால் மிக மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் வந்து முட்டியதும் முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. இப்போது எதிர்ப்பக்கமாக முட்டும் வரை சுற்றி இன்னொரு கோடு. பின்பக்கம் சுற்ற ஹாண்டில் பிடிக்காது, புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போடுங்கள், போல்ட் கழன்று வந்தால் ஃபேன் பெல்ட்டைப் பிடித்துத் திருப்புங்கள். இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் நிஜமான டி.டி.சி. வேகமாகச் சுற்றினால் பிஸ்டன் காயப்படும், அதனால் இந்த ஒரு வேலையைப் பொறுமைசாலி ஒருவர் கையில் கொடுங்கள்.

நடு கிடைத்தபின் 5 டிகிரியை அளப்பது சுலபம். தையல்காரர் டேப்பால் புல்லியின் சுற்றளவை அளந்து 360 ஆல் வகுங்கள். சுற்றளவு 400 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரி 1.1 மில்லிமீட்டர், 5 டிகிரிக்கு ஐந்தரை மில்லிமீட்டர். என்ஜின் முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிறது, குறி முள்ளை அடைவதற்கு ஐந்தரை மில்லிமீட்டர் முன்பே பொறி விழ வேண்டும். கோடு கிழித்துச் சுண்ணாம்பு போடுங்கள். போல்ட் வைத்த பிளக்கைக் கழற்றிவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் டைமிங். இதற்கு டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னிக் குறியைக் காட்டும் விளக்கு) தேவையில்லை, 12 வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு வயரும் போதும். என்ஜினை ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்க, 5 டிகிரிக் குறியை முள்ளுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்குத் தள்ளி நிறுத்தாதீர்கள், கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். டைமிங் செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் பல்லிலும் இருக்கிற தளர்ச்சி அப்போதுதான் ஒரே பக்கமாக ஒதுங்கும். ரோட்டார் கேப்பில் முதல் பிளக் வயருக்கு நேராகப் பார்க்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 1, 3, 4, 2 என்று வயர்கள் போக வேண்டும். பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய வயர் முனையில், மற்றொன்றை என்ஜின் உடம்பில் எர்த்தாக வையுங்கள். பழைய பிரிட்டிஷ் அமைப்பு வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், உங்கள் வண்டியில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல்புக்கு அதனால் வித்தியாசம் இல்லை, ஆனால் டைமிங் லைட் மாட்டும்போது உண்டு.

சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் கரெண்ட் அதன் வழியாகவே எர்த்துக்குப் போய்விடும், பல்பு எரியாது. திறந்த கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிக் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, உடலைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள், பல்பு அணைந்துவிடும். அங்கிருந்து கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே வந்து, பல்பு எரியத் தொடங்கும் அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் 5 டிகிரி. ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (தாமதம்), இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வண்டியிலும் குழப்பம் வராது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே நீங்கள் ஒரு டிகிரி திருப்பினால் என்ஜினுக்கு அது இரண்டு டிகிரி, கை எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளாம்ப்பை முடுக்கி, என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி குறிக்கு வரும்போது பல்பு எரிகிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டபடி சாப்பிடப் போய்விடாதீர்கள், பாயிண்ட் மூடிய நிலையில் கரெண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் சூடாகிக் கெடும்.

டைமிங் லைட் யாரிடமாவது கிடைத்தால் நல்லது. வேக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்து, எடைகள் விரியாத மெதுவான ஐட்லிங்கில் அடித்துப் பாருங்கள், பல்பு வைத்துக் கிடைத்ததுதான் கிட்டத்தட்ட அதிலும் வரும். அதன் உண்மையான பயன் வேறு. ஆக்ஸிலேட்டரைக் கூட்டும்போது வெள்ளைக் கோடு சீராக நகர்ந்து போனால் எடைகள் நன்றாக வேலை செய்கின்றன. கோடு ஒரே வேகத்திலும் அங்கும் இங்கும் குதித்தால் புஷ்ஷோ செயினோ தேய்ந்திருக்கிறது.

கார்புரேட்டர் துப்புவதை டைமிங் தலையில் மட்டும் போடாதீர்கள். ஆறு வருடம் ஷெட்டில் கிடந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டீர்களா? அப்புறம் இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது கார்புரேட்டரின் அந்தக் காலத்து ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) வழியாக வருகிற இன்றைய பெட்ரோல் என்ஜினுக்குக் கொஞ்சம் பற்றாது, கலவை மெலிந்து போகும், மெலிந்த கலவை துப்பும், சூடும் ஏறும். கார்புரேட்டரைக் கழுவி, கலவையைக் கொஞ்சம் கெட்டியாக வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஓடும் பழைய ரப்பர் குழாய்களை இப்போதே மாற்றுங்கள், எத்தனால் அவற்றை ஊறவைத்து விரிசல் விடவைக்கும், கல்யாண வண்டியில் பெட்ரோல் ஒழுகக் கூடாது. வால்வை அசைக்கும் டேப்பெட்டின் இடைவெளியையும் 0.015 அங்குலத்துக்குப் பார்த்துவிடுங்கள். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து இந்த என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல உள்ளே அமுங்கி இடைவெளி குறைகிறது. வால்வு முழுக்க மூடாத என்ஜினுக்கு எந்த டைமிங்கும் ஒத்துவராது.

கடைசித் தீர்ப்பு ரோட்டில். புத்தகம் எழுதிய காலத்துப் பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோலின் ஆக்டேன், அதாவது தானாகப் பற்றி வெடிக்காமல் தாங்கும் குணம், அதைவிட அதிகம், அதனால் இரண்டு மூன்று டிகிரி கூட்டினாலும் சில என்ஜின்கள் தாங்கும், இழுவையும் கூடும். என்ஜின் நன்றாகச் சூடானபின் வண்டியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். நம் ஊர் சமதரை, மலைப்பாதை இல்லை, ஆனால் கண்மாய்க்கரை ஏற்றமோ ரயில்வே மேம்பாலமோ போதும். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஏற்றத்தில் முழுசாக மிதியுங்கள். ஒன்றிரண்டு நொடி மெல்லிய கிணுகிணு கேட்டு, வேகம் எடுத்ததும் மறைந்தால் அதுதான் எல்லை, அதற்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். சத்தம் விடாமல் வந்தால் இரண்டு டிகிரி குறையுங்கள். சத்தமே இல்லை, ஆனால் வண்டி மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் அனல் அடிக்கிறது என்றால் தாமதமாக இருக்கிறது, இரண்டு டிகிரி கூட்டுங்கள். டைமிங் தாமதமானாலும் ரேடியேட்டர் கொதிக்கும், எரிந்து முடியாத நெருப்பு வால்வு திறந்ததும் வெளியே போவதால் ஹெட்டும் மேனிஃபோல்டும் சூடாகின்றன. ஆகவே கொதிப்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய முடியாது, சத்தத்தையும் இழுவையையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஏ, ஆர் எழுத்துகளோடு சொரசொரப்பான சின்ன நட் இருந்தால் இந்தச் சின்னத் திருத்தங்களுக்குக் கிளாம்ப்பைத் தொட வேண்டாம், அதையே விரலால் திருப்பலாம். ஏ பக்கம் அட்வான்ஸ், ஆர் பக்கம் ரிடார்ட். ஒரு தடவையில் கொஞ்சம்தான், ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றத்தில், அதே நான்கு பேரோடு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். புது பாயிண்ட்டின் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்து படியும், இடைவெளி குறையும், டைமிங் தாமதமாகும். அதனால் தினமும் காலையில் பள்ளத்தூர் வரை, காரைக்குடி வரை என்று ஓட்டி 300, 400 கிலோமீட்டர் போனபின் பாயிண்ட்டையும் பல்பையும் மறுபடி ஒருமுறை பார்த்து வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் தொட வேண்டாம். கிளாம்ப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கிழித்துவிட்டால், போல்ட் தளர்ந்து நகர்ந்தாலும் கண்ணாலேயே தெரியும். டாஷ்போர்டு டிராயரில் ஒரு செட் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஃபீலர் கேஜ், அந்தப் பல்பு எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி வையுங்கள், மாப்பிள்ளை அழைப்பு அன்று ஓட்டுபவரிடம் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.